துரைசாணியின் தொப்பி

அந்தத் தொப்பி இன்னும் என் பீரோவுக்கு மேலே இருக்கிறது. வெள்ளைக்காரத் துரையின் மனைவி எஸ்டேட்டை விட்டுக் கப்பலேறியபோது வேண்டாமென்று போட்டுவிட்டுப் போன வைக்கோல் தொப்பி. ஓரத்தில் சாயம்போன பட்டு ரோஜா. அதை எடுத்து வைத்துக்கொண்டவர் எங்கள் எஸ்டேட் ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர்.

மஞ்சூர்ப் பக்கம் மழை இறங்கினால் தேயிலைக் கொழுந்து பறிக்கும் பெண்களுக்கெல்லாம் காய்ச்சல். கசப்பு மருந்தென்றால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். கம்பவுண்டர் அந்தத் தொப்பியை மாட்டிக்கொண்டு, சுண்டுவிரலைத் தூக்கி, மருந்தைத் தேநீர் போல ஊற்றுவார். "சர்க்கரை ஒண்ணு போடட்டுங்களா, ரெண்டுங்களா மகாராணி?" வரிசை முழுக்கச் சிரிக்கும், சிரித்த வாயில் மருந்து போய்விடும். அம்மாடி, அந்த நடையும் கழுத்துச் சொடுக்கும்! அவரைக் கேலி செய்ய நினைத்தவனுக்குச் செய்ய எதுவும் மிச்சமிருக்காது. எல்லாவற்றையும் அவரே முந்திக்கொண்டு, பத்து மடங்காகச் செய்து முடித்திருப்பார்.

நான் ஆபீஸ் கிளார்க். ஞாயிறு மதியம் அவர் வீட்டுக்குப் போவேன். ஆண்கள்மேல் ஆசைப்பட்டவர்கள் நாங்கள் இருவரும். அதை அவர் ஒருவரிடம்தான் நான் வாய்விட்டுச் சொல்லியிருந்தேன். தொப்பியை என் தலையில் வைப்பார். "கூச்சம் எதுக்குங்க? நாமளே நம்மளப் பாத்துச் சிரிச்சுட்டா, அப்புறம் அவிங்க சிரிப்பு நம்மள என்னங்க பண்ணும்? எங்க, ஒருக்கா நடந்து காட்டுங்க." நான் ஒருநாளும் நடக்கவில்லை.

ஒரு காலை, வெள்ளைக்காரருக்குப் பின் மேனேஜராக வந்த புதுத் துரை என்னைக் கூப்பிட்டார். "ஞாயித்துக்கிழமையானா கம்பவுண்டர் வீட்ல உனக்கு என்ன வேலை? நீயும் அந்த மாதிரியா?" வேலை போய்விடும், ஊருக்குத் தெரிந்துவிடும் என்ற பயத்தில் நாக்கு புரண்டது. "சீச்சீ! அந்தக் கோமாளிகூட எனக்கு என்னங்க சார்?"

கம்பவுண்டர் வாசலில் நின்றிருந்தார். காய்ச்சலில் கிடப்பவர்களின் பட்டியலைத் தினமும் அந்நேரம்தான் கொண்டுவருவார்; எனக்குத் தெரியாததா? உள்ளே வந்து, இல்லாத பாவாடையை இரு விரலால் தூக்கிக் குனிந்தார். "கோமாளி வந்திருக்கறனுங்க துரை." துரை வெடித்துச் சிரித்தார். ஆபீஸே சிரித்தது. பாவி, நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பில் என்னைப் பற்றிய கேள்வி அமுங்கிப்போயிற்று. பட்டியலைத் துரையின் மேசைமேல் வைத்துவிட்டு, அதே நடையில் வெளியே போனார் அவர்.

வாரம் முடிவதற்குள் அவரை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். மன்னிப்புக் கேட்கக்கூட எனக்குத் தைரியம் வரவில்லை. அவர் பஸ் ஏறிய பிறகு ஆபீஸுக்குப் போனேன். என் நாற்காலியில் தொப்பி இருந்தது.

இப்போது கோத்தகிரியில் தனியாக இருக்கிறேன். மதியமே பனிமூட்டம் ஜன்னலை அடைத்துக்கொள்ளும் ஞாயிறுகளில் தொப்பியை மாட்டிக்கொண்டு கண்ணாடி முன் நிற்பேன். "எங்க, ஒருக்கா நடந்து காட்டுங்க" என்று பின்னாலிருந்து கேட்கும். சத்தியமாகக் கேட்கும். நடக்கிறேன் ஐயா, சுண்டுவிரலைத் தூக்கிக்கொண்டு இந்தக் கூடத்தின் கோடிவரைக்கும் நடக்கிறேன். யாரும் சிரிப்பதில்லை.