அவுரித் தொட்டிக்குள் காற்று ஊதினோம்

போன ஆடிக் கிருத்திகையன்று எங்கே இருந்தீர்கள்? எங்கள் பக்கத்து வாசகர்கள் என்றால் திருத்தணி மலையில்தான் இருந்திருப்பீர்கள். நானோ கே.ஜி.கண்டிகையில், ஓர் அவுரித் தொட்டிக்குள் முழங்கால் தண்ணீரில் நின்றேன். இன்னும் நகக்கண்ணில் நீலம் போகவில்லை!

தொட்டி என் பாவாவுடையது. பாவா என்றால் அக்காள் புருஷன். யுத்தத்தால் சீமைச் சாயம் வருவதில்லை. பள்ளிப்பட்டு நெசவாளர்கள் நீல நூலுக்குத் தவிக்கிறார்கள். அதனால் வேர்க்கடலை போட்டுவந்த நிலத்தில் இந்த வருஷம் அவுரி போட்டார். அவருடைய நைனாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, கோபம். முதல் வெட்டு கெட்டால் மீதியை உழுது மடக்கிவிட்டுக் கடலையே போடுவதாக வாக்கு வாங்கிக்கொண்டார்.

அவுரித் தழையை ராத்திரி முழுக்க ஊறப்போட்டால், புளித்து, பச்சையும் மஞ்சளுமாக ஒரு தண்ணீர் இறங்கும். அதில் நீலம் எங்கே? இருக்கிறது... ஆனால் காற்றுப் பட்டால்தான் வெளியே வரும். ஆறு ஆட்கள் தொட்டிக்குள் இறங்கித் துடுப்பால் அடிப்பார்கள். அடிக்க அடிக்க நீலம் திரண்டு வண்டலாக உட்காரும். அடிக்காமல் விட்டால்? பொழுது சாய்வதற்குள் அத்தனையும் நாறிப்போகும்.

அன்று காலை தண்ணீர் தயார். ஆட்களைத்தான் காணோம்!

"இன்னா பாவா, அடிக்கிறவங்க எங்க?"

"காவடி எடுத்துகினு மலைக்குப் பூட்டானுங்கடா மச்சான்! இந்த ஆடியில ரெண்டு கிருத்திகை வருது. ரெண்டாவதுக்குத்தான் போவானுங்கன்னு நெனச்சிகினு தழைய ஊறப்போட்டேன்..."

"கேக்க மாட்டியா?" என்றாள் அக்காள். "வேண்டுதல் அவங்களுது. நாள் மட்டும் நீ குறிப்பியா?"

நாங்கள் மூவரும் அடித்தோம். அரை மணியில் கை கழன்றது. தண்ணீர் மாறவே இல்லை, அதே பச்சை. அப்போதுதான் எனக்குக் கொல்லரின் துருத்தி ஞாபகம் வந்தது. ஆட்டுத்தோலில் செய்து, காலால் மிதித்து உலைக்குக் காற்று விடுவார்களே, அது. உலைக்கு ஊதுவது தொட்டிக்கு ஊதாதா?

ஓடினேன். ஆனால் கொல்லர் வீட்டு வாசலில், தண்ணீருக்குள் ஊதத் துருத்தி வேண்டும் என்று கேட்க வெட்கமாக இருந்தது. அவரும் மலைக்குப் போயிருந்தார். அவர் மனைவிதான் இருந்தாள்.

"இன்னாங்க வோணும்? கும்பிடு போட வந்தாப்புல நிக்கிறீங்க?"

நான் துருத்தியைக் கையால் காட்டினேன். சிரித்துக்கொண்டே எடுத்துக் கொடுத்தாள்.

ஒரு மூங்கிலின் கணுக்களைக் குடைந்து, விரல் நுழைகிற ஓட்டைகள் போட்டு, தண்ணீருக்குள் சாண் ஆழத்தில் கிடத்தி, ஒரு முனையைத் துருத்தியோடு இணைத்தோம். பாவா துருத்தியில் ஏறி மிதித்தார். குபுகுபுவென்று தேங்காய்ப் பருமனில் குமிழிகள்! எனக்கு ஒரே குதூகலம். பாவா பாட்டே பாடினார்.

ஒரு மணி நேரம் மிதித்தும்... பச்சை பச்சையாகவே இருந்தது. பாவா பாட்டை நிறுத்திவிட்டார்.

அக்காள் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். "காத்து இன்னாடா, ரயிலைப் புடிக்கிற மாதிரி ஓடுது? தண்ணியத் தொடாமலே மேல பூடுது. பொடிப்பொடியா வுடுங்க."

"எப்படிக்கா?"

அக்காள் முரட்டுக் காடாத்துணியைக் கிழித்து, ஓட்டைகள் மேல் இரண்டு சுற்று இறுக்கிக் கட்டினாள்.

மிதித்தோம். ஐயோ, அதை எப்படிச் சொல்வது! கடுகுக் குமிழிகள், ஆயிரம் ஆயிரமாக, அவசரமே இல்லாமல் ஏறின. தண்ணீர் மோர் மாதிரி வெளுத்தது. பிறகு நுரையின் ஓரத்தில் ஒரு நீலக் கோடு. "வந்துடுச்சி!" என்று கத்தியது யார்? நான்தான்!

நுரை பொங்கி விளிம்பைத் தாண்டியது. நுரையை அடக்க ஆட்கள் கோழி இறகில் இரண்டு சொட்டு ஆமணக்கெண்ணெய் தொட்டுத் தெளிப்பார்கள். பாவா படபடப்பில் கிண்ணத்தையே கவிழ்க்கப் போனார்.

"ஊத்தாத பாவா! எண்ணெ அதிகமானா பொடிக் குமிழியெல்லாம் ஒண்ணாக் கூடி மறுபடி தேங்காயாயிடும்!"

அவரை நான் அதட்டியது அதுதான் முதல் தடவை. கிண்ணத்தைக் கீழே வைத்தார். பிறகு இறகைத் தேடினார்.

மாறி மாறி மிதித்தோம். சாயங்காலம் பீங்கான் தட்டில் கொஞ்சம் ஊற்றிப் பார்த்தோம். மணல் மாதிரி நீலம் அடியில் தங்கியது. மேலே தண்ணீர் தெளிந்தது.

நைனா கைத்தடியோடு வந்தார். வண்டலை விரலால் தொட்டுத் தன் வெள்ளை வேட்டியில் தேய்த்தார். உற்றுப் பார்த்தார்.

"ரெண்டாவது வெட்டு எப்போடா?"

பாவா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

எனக்கு நாலாம் வகுப்புப் படிப்புதான். காற்று தண்ணீரில் எப்படிக் கலக்கிறது என்று படித்தவர்கள் விளக்கட்டும். நான் கண்டது இவ்வளவுதான்: பெரிதாகக் கிளம்புவது சத்தத்தோடு மேலே போய்விடுகிறது, சன்னமாக வருவதுதான் உள்ளே தங்குகிறது.

மேடைப் பேச்சாளர்கள் மன்னிக்கவும்!