இரண்டாவது குழாய்

அவர் தக்கலையில் மோட்டார் காயில் கட்டும் கடைக்காரர். நிக்கல் தூளையும் ஹைட்ரஜனையும் குழாயில் அடைத்து, கொடுக்கிற கரண்டைவிட அதிகமாகச் சூடு எடுக்கிறாராம். பத்திரிகைக்கு எழுதப் போனேன். ‘உலகை மிரட்டும் நாஞ்சில் விஞ்ஞானி’ என்ற தலைப்பைப் பஸ்ஸிலேயே எழுதியாயிற்று. விஞ்ஞானியைப் பார்ப்பதுதான் பாக்கி.

சாயம் போன கைலி, மூக்கு நுனியில் கண்ணாடி. காய்ச்சல் பார்ப்பதுபோல எதையும் புறங்கையால் தொட்டுப் பார்ப்பார். எனக்கு வந்த டீ கிளாஸும் தப்பவில்லை.

“சூடு எப்படி வருது?” என்றேன்.

“ஹைட்ரஜன் நிக்கலுக்குள்ள ஏறும்போ கொஞ்சம் வரும். அதுக்கு மேல, அணுவே மாறி வருதுன்னு சொல்லுகாவ. பாப்போம் சாரே.”

பக்கத்தில், ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழாய். அதில் நிக்கல் மட்டும்தான், ஹைட்ரஜன் கிடையாது. இரண்டுக்கும் ஒரே அளவு கரண்ட் கொடுத்தார். ஒரு மணி நேரம் கழித்தும் இரண்டிலும் ஒரே சூடு.

“அந்த ரெண்டாவது குழாயை ஒளிச்சு வைங்க, போட்டோ எடுத்துரலாம்” என்று உதவினேன்.

“ஒளிச்சு வச்சா எனக்கு எப்பிடி சாரே தெரியும்?” என்றவர், நோட்டில் ‘வித்தியாசம் இல்லை’ என்று எழுதினார்.

இவரா உலகை மிரட்டுவார்? திரும்பும் பஸ்ஸில் தலைப்பை அடித்து நீக்கினேன். இதுவரை நான் எழுதிய விஞ்ஞானிகளில் ஒருவரிடமும் இரண்டாவது குழாயைப் பார்த்த ஞாபகம் இல்லை.