வேலுமணியின் உப்புத்தண்ணீர் வரிசை

சேந்தமங்கலம் வேலுமணிக்கு எலி பார்க்கும் உத்தியோகம். சிரிக்காதீர்கள், அவரே அப்படித்தான் சொல்லிக்கொள்வார். நாமக்கல்லை ஒட்டிய ஓர் ஆய்வுக்கூடத்தில் எலிகளுக்குத் தீனி வைப்பது, தண்ணீர் மாற்றுவது, கூண்டில் உமி பரப்புவது எல்லாம் அவர் பொறுப்பு. இது சம்பளத்துக்கு. பெருமைக்கு இன்னொன்று இருந்தது. சொந்தபந்தத்தில் எந்தக் கல்யாணமானாலும் பந்தி விசாரணைக்கு வேலுமணிதான் வந்தாக வேண்டும். ஒரு இலைக்கு நெய் ஊற்றிவிட்டுப் பக்கத்து இலையைத் தாண்டிப் போனார் என்று, மாப்பிள்ளையின் சித்தப்பா கையிலிருந்தே நெய்க் கிண்ணத்தைப் பிடுங்கியவர். "ஒரே பந்தியில உக்காந்தவங்கள்ல என்னுங்க ஒசத்தி, தாழ்த்தி?" என்பார். அதற்கு மேல் பேச்சு கிடையாது.

இப்பேர்ப்பட்ட மனிதரிடம்தான் சௌந்தர்யா இரண்டு வரிசை எலிகளை ஒப்படைத்தாள்.

சௌந்தர்யா மோகனூர்க்காரி, ஆராய்ச்சி மாணவி. ஒரு மருந்தைக் கொடுத்து எலிகளின் சிறுநீரகத்தைத் திடீரென்று பழுதாக்குவாள். பிறகு இடப்பக்க வரிசைக்கு, நல்ல எலியின் எலும்பு மஜ்ஜையிலிருந்து எடுத்து வளர்த்த உயிரணுக்களை ஊசியில் ஏற்றுவாள். அவை பழுதான சிறுநீரகத்தைத் தேற்றுமா என்பதே அவளுடைய நாலு வருடப் பாடு. வலப்பக்க வரிசைக்கு வெறும் உப்புத்தண்ணீர் ஊசி.

"அந்த வரிசை என்ன பாவம் பண்ணுச்சுங் அம்மிணி?" என்று கேட்டார் வேலுமணி.

"பாவமெல்லாம் இல்லீங்ணா. ஒப்பிட்டுப் பாக்கோணும்ல. தீனியும் தண்ணியும் வெச்சாப் போதும், வேற ஒண்ணுமே பண்ணக்கூடாது."

தலையை ஆட்டிவிட்டு வந்தாரே தவிர, அவருக்கு மனசு ஒப்பவில்லை. உப்புத்தண்ணீர் வரிசை மயிர் சிலிர்த்துக்கொண்டு மூலையில் சுருண்டு கிடந்தது. இந்தப் பக்கம் விருந்து, அந்தப் பக்கம் வெறும் இலையா? கிட்னி என்றால் வாழைத்தண்டு என்பது ஊர் உலகத்துக்கே தெரியும். அது மருந்தும் இல்லை, ஊசியும் இல்லை, அதுவும் ஒரு தண்ணீர்தானே என்று தன்னையே சமாதானம் செய்துகொண்டார். தோட்டத்து வாழைத்தண்டை இடித்துப் பிழிந்து, வலப்பக்கப் புட்டிகளில் மட்டும் கலந்துவிட்டார். "குடிங்க சாமி, கூச்சப்படாமக் குடிங்க" என்று கூண்டு கூண்டாக விசாரித்துக்கொண்டும் வந்தார்.

வலப்பக்கத்து எலிகள் ஒவ்வொன்றாகச் செத்தன. வேலுமணி சாற்றைக் கூட்டினார். இன்னும் செத்தன.

சௌந்தர்யாவுக்கோ கால் தரையில் பாவவில்லை. உயிரணு ஏற்றிய வரிசை தேறுகிறது, ஏற்றாத வரிசை மடிகிறது, இதைவிட வேறென்ன சாட்சி வேண்டும்? அவளுடைய பேராசிரியர் சுவாமிநாதன் இதைச் சேலத்துக் கருத்தரங்கில் பேசிவிடலாம் என்றார். அப்புறம் சிறுநீரகம் கெட்டுப்போன நாய்களுக்கும் போட்டுப் பார்க்கலாம் என்றார்.

அவள் எல்லாருக்கும் லட்டு கொடுத்தாள். வேலுமணி பாதி லட்டை வாயில் போட்டிருந்தபோது அவளுக்கு அத்தையிடமிருந்து போன் வந்தது.

"வாழத்தண்டுச் சாறெல்லாம் வேண்டாமுங் அத்தை. கல்லுன்னா அது வேற. உங்களுக்குக் கிட்னியே வேலை செய்யலீங்களே. அதுல பொட்டாசியம் ஜாஸ்தி. வெளிய போகாம ஒடம்புல தங்கிட்டா நெஞ்சையே நிறுத்திப்புடும்."

வேலுமணி மீதிப் பாதி லட்டைத் தட்டிலேயே திருப்பி வைத்தார்.

வாயைத் திறக்காமல் இருந்தால் ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. அவள் பட்டம் வாங்குவாள், அவர் வேலையும் நிலைக்கும். திறந்தால் இரண்டுக்கும் வேட்டு. அந்த யோசனையோடேயே ஞாயிற்றுக்கிழமை ராசிபுரத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போனார். பந்தியில் ஒருவர், "பாயசம் வேண்டாமுங்க, எனக்குச் சக்கரை" என்று இலையைக் கையால் மறைத்தார். "ஒரு கரண்டிங்க, ஒண்ணும் ஆயிராது" என்று ஊற்றியே தீருவதுதான் வேலுமணி வழக்கம். அன்று வாளியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். இத்தனை வருடமாக எத்தனை பேருக்கு இப்படி ஊற்றினேனோ என்று எண்ணிப் பார்த்தார். இந்தப் பொய்க் கணக்கை நம்பி ஊசி போட்டால் அந்த நாய்களுக்கும் நம்மால்தானே என்னவோ ஆகப்போகிறது என்று பயந்துபோனார்.

திங்கட்கிழமை காலையில் சௌந்தர்யா முன்னால் போய் நின்று எல்லாவற்றையும் கொட்டினார். "உங்க மருந்து அந்தப் பக்கத்தக் காப்பாத்துச்சோ என்னமோ எனக்குத் தெரியாதுங் அம்மிணி. இந்தப் பக்கத்தக் கொன்னது நானுங்க."

அவள் குறிப்பேட்டைத் திறந்து இரண்டு வரிசைக் கணக்கையும் குறுக்கே அடித்தாள். "சாறாலதான் செத்துச்சான்னும் இனிச் சொல்ல முடியாது. என் மருந்தாலதான் பொழச்சுச்சான்னும் சொல்ல முடியாது. ஒங்களுக்கு லட்டு வேற குடுத்தேன்ங்ணா" என்றாள். அதற்கப்புறம் அழுகையை அடக்க முடியவில்லை அவளுக்கு.

கருத்தரங்குப் பேச்சு நின்றது. சுவாமிநாதன் வேலுமணியைச் சீட்டுக் கிழித்து அனுப்பத்தான் பார்த்தார். சௌந்தர்யாதான் குறுக்கே வந்தாள். "புதுசா வர்றவரு என்ன சாறு கொண்டாருவாரோ சார். இவரு இனிப் பச்சத்தண்ணியத் தவிர எதையும் தொடமாட்டாருங்க."

முதலிலிருந்து மறுபடி ஆரம்பித்தார்கள். வேலுமணி தன் வாழ்நாளில் செய்த கஷ்டமான வேலை அதுதான், ஒன்றும் செய்யாமல் இருப்பது. வலப்பக்கம் சுருண்டு கிடந்ததைப் பார்க்கையில் கை பரபரத்தது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, சம்பந்தி வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்தவர்போல முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்.

ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. இடப்பக்கம் சீக்கிரமே தேறியிருந்தது. ஆனால் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசமெல்லாம் இல்லை.

"சுமாரான வித்தியாசந்தானுங்ணா" என்றாள் சௌந்தர்யா. "ஆனா நெசம்."

வேலுமணி அதைக் காதில் வாங்கவில்லை. வலப்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அங்கேயும் பெரும்பாலானவை எழுந்து நடமாடிக்கொண்டிருந்தன.

"ஒண்ணுமே குடுக்காம இதுங்க எப்படிங் அம்மிணி எந்திரிச்சுச்சு?"

"திடீர்னு வந்த பழுதுதானுங்களே. சும்மா உட்டாலே செலது தானாத் தேறிக்கும்."

"அப்படின்னா, போன தடவ நாஞ் சும்மா உட்டிருந்தா அதுங்களும்..."

வேலுமணி ஒரு கூண்டுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, சின்னப்பிள்ளை மாதிரி அழுதார். உள்ளே இருந்த எலி அவரைக் கண்டுகொள்ளாமல் தீனியைக் கொறித்துக்கொண்டிருந்தது.