முப்பது நாளுக்கு ஒரு அமாவாசை

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். மைசூரில் இருபது வருஷம் வேன் ஓட்டினேன். முதுகு கெட்டுப் போனதும் அதே டிராவல்ஸில் மேசைக்கு முன்னால் உட்கார வைத்தார் முதலாளி. மேசை மேல் கம்ப்யூட்டர். வீட்டைப் பூட்டிவிட்டுப் பாதி வழியில் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிற ஆள் நான். எதைத் தொட்டால் எது அழியுமோ என்று முதல் வாரம் முழுக்க ஒற்றை விரலால்தான் தொட்டேன்.

அதில் ஒரே ஒரு வித்தை மட்டும் பிடித்துப் போனது. கூட வேலை செய்யும் பெண் காட்டிக் கொடுத்தாள். திரையில் கட்டம் கட்டமாக ஒரு கணக்குத் தாள் வரும்; கட்டத்தின் மூலையில் ஒரு சின்னப் புள்ளி இருக்கும். ஜனவரி என்று அடித்து அதைப் பிடித்துக் கீழே இழுத்தால் பிப்ரவரி, மார்ச் எல்லாம் தானாக வந்து உட்காரும்.

"ரெண்டு தேதி போட்டு, ரெண்டையும் சேத்துப் பிடிச்சு இழுங்கண்ணா. எத்தனை நாள் இடைவெளின்னு அதுவே பாத்துக்கும்."

அதுவே பார்த்துக்கொள்ளும் என்று என்னிடம் அதுவரை யாரும் எதைப் பற்றியும் சொன்னதில்லை.

அந்தச் சமயத்தில் என் மனைவிக்குக் கழுத்தில் ஆபரேஷன் முடிந்திருந்தது. தைராய்டு கட்டி. கட்டியோடு குரலும் போய்விட்டது. வெறும் காற்றாகப் பேசினாள். மெதுவாக வரும், மாசக்கணக்கில் ஆகும் என்றார் டாக்டர். அவள் கொள்ளேகால் பக்கம் ராமாபுரத்துக்காரி. அந்தப் பக்கத்து ஆட்களுக்கு எது வந்தாலும் மாதேஸ்வரன் மலைதான். அஞ்சு அமாவாசை விடாமல் மலைக்கு வருகிறேன் என்று வேண்டிக்கொண்டாள். நடுவில் ஒன்று தவறினால் மறுபடி முதலிலிருந்து எண்ண வேண்டும்.

எங்கள் டிராவல்ஸிலிருந்தே அமாவாசைக்கு அமாவாசை மலைக்கு வேன் போகும். முதல் அமாவாசைக்குப் போய் வந்தோம். அடுத்த இரண்டையும் காலண்டர் பார்த்துக் கட்டத்தில் அடித்தேன். இடையில் முப்பது நாள். இரண்டையும் சேர்த்துப் பிடித்து வருஷக் கடைசி வரைக்கும் இழுத்தேன். தேதிகள் வரிசையாக வந்து நின்றன. பிரிண்ட் எடுத்து ஆபீசில் ஒன்று, வீட்டு பிரிட்ஜில் ஒன்று ஒட்டினேன்.

அவள் தாளை விரலால் தடவிப் பார்த்து, "ஆபீசர் ஆயிட்டீங்க போங்க" என்றாள், அந்தக் காற்றுக் குரலில். அதோடு அமாவாசைக்குக் காலண்டர் பார்ப்பதையே விட்டுவிட்டாள்.

நாலாவது தடவை அமாவாசை இரண்டு நாளில் பரவி நின்றது. தாளில் இருந்தது இரண்டாவது நாள். அதனால் எங்களுக்கு வித்தியாசம் தெரியவில்லை.

ஐந்தாவதுக்கு இன்னும் ஒரு நாள் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு காலையில் ஆம்லெட் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். கறிவேப்பிலை கேட்டு வந்த பக்கத்து வீட்டு அக்கா வாசலிலேயே மூக்கைப் பொத்தினார்.

"அமாவாசையும் அதுவுமா முட்டையா? நல்ல பக்திமான்தான் நீங்க!"

"அமாவாசை நாளைக்குதானே அக்கா?"

"ஓ, உங்க வீட்டுக்குத் தனி நிலா போல."

என் மனைவி அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். தாளைப் பார்த்தாள், காலண்டரைப் பார்த்தாள், கடைசியில் என்னைப் பார்த்தாள். அமாவாசை இன்று சாயந்திரம் நாலு மணி வரைக்கும்தான்.

"ஏனுங்க, அந்தப் பொட்டிக்கு அமாவாசை தெரியுமா?"

தெரியாது. ஒரு மாசம் முப்பது நாளிலும் அடுத்த மாசம் இருபத்தொன்பதிலும் வரும் என்பது எனக்கே தெரிந்த விஷயம். பெட்டிக்கு நான் காட்டினது முப்பது. அது கடைசி வரைக்கும் முப்பது முப்பதாகவே எண்ணிக்கொண்டு போயிருக்கிறது.

வேன் எல்லாம் வெளியே போயிருந்தது. அவசரமாகக் குளித்து ஓடி, ஒன்பதரைக்குக் கொள்ளேகால் பஸ்ஸைப் பிடித்தோம். பஸ்ஸில் உட்கார்ந்து, என் தாளின்படி மறுநாள் வேனுக்குப் பதிவு செய்திருந்த பதினொரு பேருக்கும் போன் போட்டேன். முதலில் எடுத்த பெரியவர், "கூட்டம் கொறையட்டும்னுதான் ஒரு நாள் தள்ளி வெச்சீங்கன்னு நெனச்சேன். நல்ல ஐடியா! வேன் உண்டுதானே?" என்றார். மற்றவர்களில் பாதிப் பேர் அதையேதான் சொன்னார்கள். அவள் அதைக் கேட்டுத் தோள் குலுங்கச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவளுடைய நாலு மாசம் என் ஒரு இழுப்பில் போகப் போகிறதே.

கொள்ளேகாலில் இரண்டு பஸ்ஸை விட்டு மூன்றாவதில் ஏறினோம். ஒரே ஒரு இடம் கிடைத்தது. என்னைத் தள்ளி உட்கார வைத்துவிட்டு அவள் நின்றுகொண்டாள். மலைப் பாதையில் கடைசி வளைவு தாண்டியதும் வண்டி நின்றுவிட்டது. முன்னால் கண்ணுக்கு எட்டின வரை பஸ்தான். மணி மூன்றரை.

"எறங்குங்க, நடக்கலாம்."

"சாமி பாக்க வரிசையில நிக்கணுமே கண்ணு. நாலு மணிக்குள்ள எப்படி?"

"மலைக்கு வர்றேன்னுதானே வேண்டுனேன். கோயில் முன்னால நின்னாப் போதும். உங்க முதுகு நடக்குமா?"

"அது நடக்கும். மாத்திரை எடுத்தமான்னுதான் தெரியல."

"எடுத்தாச்சு. கதவையும் பூட்டியாச்சு. நான் இழுத்துப் பாத்தேன். வாங்க."

கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தாள். ஆள் மேல் ஆள். கோயில் முன்னால் போய்ச் சேர்ந்தபோது நாலாக ஏழு நிமிஷம் இருந்தது. நான் போனில் இரண்டு தடவை பார்த்தேன், பக்கத்தில் நின்றவர் கடிகாரத்தில் ஒரு தடவை பார்த்தேன்.

சுற்றிலும் எல்லோரும் மாதேஸ்வரனுக்கு ஜே போட்டு, "உகே மாதப்பா" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நாலு தடவை வந்தபோதும் அவள் உதட்டை மட்டும்தான் அசைத்தாள். இன்றைக்குக் கையைத் தூக்கி வாயைத் திறந்தாள். கழுத்துத் தழும்பு ஏறி இறங்கியதைப் பார்த்தேன்.

"கேட்டுச்சா?" என்று என் முகத்தைப் பார்த்தாள்.

கேட்டது என்று சொல்லத்தான் வாய் வந்தது. ஆனால் அன்றைக்கு ஒரு தப்பு போதும் என்று தோன்றியது.

"இந்தச் சத்தத்துல கேக்கல கண்ணு. இன்னொரு தடவ கூப்புடு."

முறைத்தாள். பிறகு என் தலையைப் பிடித்து இழுத்து, காதில் வாயை வைத்து, "உகே மாதப்பா" என்று கத்தினாள். கீறலும் உடைசலுமாக ஒரு குரல். எனக்குக் காது அடைத்துப் போனது.