பாவம் பார்த்து வாங்காதேங்கோ

என் வலது கால் முழங்காலுக்குக் கீழே செயற்கைக் கால். போரின் கடைசி மாதங்களில் போனது. அதைப்பற்றி இங்கே எழுதப்போவதில்லை. எழுதவந்தது கச்சான் அல்வாவைப் பற்றி.

புளியங்குளத்துக்குப் பக்கத்தில், மூடிக்கிடந்த கூட்டுறவுச் சங்கக்கடைக் கட்டடத்தில் நாங்கள் ஐந்து பெண்கள் சேர்ந்து அல்வா செய்கிறோம். கச்சானை, அதாவது நிலக்கடலையை, வறுத்துத் தோல் நீக்குவது நான். பாகு காய்ச்சுவது என் கூட்டாளி. அவளுடைய பெற்றோர் மலையகத் தேயிலைத் தோட்டத்திலிருந்து துரத்தப்பட்டு வன்னிக்கு வந்தவர்கள். அவள் பிறந்தது இங்கேதான், ஆனாலும் வீட்டில் பேசிய பேச்சு அவளை விட்டுப் போகவில்லை.

ஒரு தொண்டு நிறுவனம் எங்களுக்கு அடுப்பும் பக்கற் ஒட்டும் மெஷினும் தந்தது. தீபாவளிக்குப் பரிசுப்பெட்டி விற்கும் ஒரு கொழும்புக் கடையையும் பிடித்துத் தந்தது. அதற்கெல்லாம் நன்றி உண்டு. பிறகு ஒருநாள் அதன் அலுவலர் புது லேபல்களைக் கட்டாகக் கொண்டுவந்து மேசையில் வைத்தார்.

லேபலில் அல்வா இல்லை. என் கால் இருந்தது. சேலையைக் கொஞ்சம் உயர்த்திப் பிடிக்கச் சொல்லி எடுத்த படம். நிறுவனத்தின் அறிக்கைக்கு என்று கேட்டதால் சம்மதித்திருந்தேன். இவர்களின் கண்ணீரைத் துடைக்க ஒரு பக்கற் வாங்குங்கள் என்று கீழே அச்சடித்திருந்தார்கள்.

"தம்பி, இதை நாங்கள் ஒட்டமாட்டம்" என்றேன்.

"ஏன் அக்கா? பொய் ஒண்டும் இல்லையே. கொழும்புச் சனம் இதைப் பாத்தாத்தான் வாங்கும்."

"பொய்யில்லை. ஆனா நான் விக்கிறது அல்வா. என்ர காலை இல்லை."

எங்களில் மூத்தவர், மூன்று பிள்ளைகளைத் தனியாக வளர்ப்பவர், என்னைப் பார்த்தார். "படம்தானே பிள்ளை. ஒட்டினா என்ன குறையப்போகுது? என்ர பிள்ளையள் சாப்பிட வேணும்."

அவர் சொன்னதில் பிழையில்லை. அப்போது என் கூட்டாளி அடுப்பை அணைத்துவிட்டு எழுந்து வந்தாள்.

"நாங்க சின்னப்புள்ளையா இருக்கப்ப இங்க கெணத்துல தண்ணி அள்ள விடமாட்டாங்க அக்கா. தோட்டக்காட்டாருன்னு சொல்லுவாங்க. அதே ஆளுங்கதான் 'பாவம் புள்ளைங்க'ன்னு தூரத்துல நின்னு எங்க குடத்துல ஊத்துவாங்க. தண்ணி கெடைச்சுச்சு. ஆனா கயித்த எங்க கையில குடுக்கவே இல்ல."

மூத்தவர்தான் லேபல் கட்டை அலுவலரின் பக்கம் தள்ளிவைத்தார்.

"அப்ப அந்தக் கொழும்புக் கடை ஓடர் கிடைக்காது" என்றார் அலுவலர்.

கிடைக்கவில்லை. அந்தத் தீபாவளி எங்கள் ஐந்து வீட்டிலும் புது உடுப்பு இல்லாமல் கழிந்தது. வெள்ளைத் தாளில் 'கச்சான் அல்வா' என்று ஊர்ப் பெயரோடு எழுதி ஒட்டி, கூடையைத் தூக்கிக்கொண்டு நான் சந்திக்குப் போனேன்.

யாழ்ப்பாணம் போகும் பஸ் வந்து நின்றது. கொண்டக்டர் வாசலில் கையை நீட்டி மறித்தார். "ஏறாதேங்கோ அக்கா, விழுந்திடுவியள். கீழ நிண்டு குடுங்கோ."

"விழுந்தா எழும்புவன். வழி விடுங்கோ."

ஏறினேன். முன் சீற்றில் இருந்த ஒருவர் என் காலைப் பார்த்துவிட்டு ஒரு காசுத்தாளை நீட்டினார். "வைச்சிருங்கோ, அல்வா வேண்டாம்." அந்தத் தாளை அவருடைய மடியிலேயே திருப்பி வைத்தேன். "அல்வா வேணுமெண்டா மட்டும் காசு தாங்கோ ஐயா." அவருக்குக் கோபம் வந்தது, உதவி செய்ய வந்தால் இப்படித்தான் என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். பஸ் முழுவதும் திரும்பிப் பார்த்தது. என் முகம் எரிந்தது. ஆனாலும் கடைசிச் சீற்றுவரை போய்த்தான் இறங்கினேன். அடுத்தநாளும் ஏறினேன்.

சில மாதங்களுக்குப் பிறகு, கிளிநொச்சிக்கு வேலைக்குப் போகும் ஒரு பெண் பஸ்ஸில் என்னைக் கண்டதும் கையைக் காட்டி மறித்தார். "போன கிழமை வாங்கினது பல்லில ஒட்டுது. பாகு பதம் சரியில்லை. இதுவும் அப்பிடியெண்டா காசைத் திருப்பித் தருவியளோ?"

"ஓம், தருவன்" என்றேன். என் காலை அவர் பார்க்கவேயில்லை. பல்லைத்தான் தடவிக்கொண்டிருந்தார். சிரிப்பை அடக்கிக்கொண்டு இறங்கினேன்.

திரும்பிப் போய்ச் சொன்னதும் என் கூட்டாளிக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "என் பாகுலயா தப்பு? போய் அவங்க பல்ல பாக்கச் சொல்லுங்க." பிறகு தட்டிலிருந்து ஒரு துண்டை எடுத்து நெடுநேரம் மென்றாள். அடுத்த பாகுச் சட்டியைக் கொஞ்சம் பிந்தி, பதம் முறுகிய பிறகுதான் இறக்கினாள்.