மொனிட்டரில் எழும்பிய கோபுரம்

டொக்டர், நீங்கள் பொய் சொன்னீர்கள். அந்தப் பொய்யால் சுகமான ஒரு மனிதர் வேலையில்லாமல் வீட்டில் இருக்கிறார். அவருக்குக் குழாய் மாட்டிய தாதி நான். இளம் தாதியர் வாசிக்கட்டும் என்று நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

எங்கள் ஆஸ்பத்திரி வாட்டில் ஓர் ஆய்வு நடந்தது. ஊசி குத்தி இரத்தம் எடுக்காமல், உடம்பில் ஒட்சிசனும் காபனீரொட்சைட்டும் எவ்வளவு என்று அறியும் ஆய்வு. ஒட்சிசனுக்கு விரலில் ஒரு கிளிப். காபனீரொட்சைட்டுக்கு மூக்கடியில் மெல்லிய குழாய். வெளிவிடும் ஒவ்வொரு மூச்சும் மொனிட்டரில் அலையாக எழும்பும்.

நிலாவெளியில் கரைவலை, அதாவது கடலில் வளைத்த வலையைக் கரையில் நின்று கயிற்றால் இழுக்கிற சின்னத்தம்பி அண்ணர் நிமோனியாவோடு வந்து, சுகமாகி, வீட்டுக்குப் போகக் காத்திருந்தார். அடுத்த நாள் அவருடைய சம்மாட்டிக்கு, அதாவது வலைச் சொந்தக்காரருக்கு, வலை வளைக்கிற முறை. அன்றைக்குக் கயிறு இழுக்க நிற்காவிட்டால் அவருடைய இடம் வேறு ஆளுக்குப் போய்விடும்.

பார்வையாளர் நேரம் முடிந்ததும் டொக்டர் வந்தார். அண்ணருடைய மனைவி மட்டும் இன்னும் போகாமல் கட்டிலடியில் நின்றார். அண்ணருடைய அலை விட்டுவிட்டுக் கோபுரம் மாதிரி எழும்பியது. நாற்பதுக்குக் கிட்ட நிற்கவேண்டிய எண் எழுபதைத் தாண்டியது.

"மிஸ், ரியூப்பை ஒழுங்காப் போட்டனீங்களா?"

"போட்டனான் சேர்."

"போட்டிருந்தா இப்பிடி வருமா?"

குழாயை மாற்றினேன். மெசினை மாற்றினேன். அண்ணருடைய மூக்கைத் தவிர எல்லாவற்றையும் மாற்றினேன். கோபுரம் நின்றபாடில்லை. ஒவ்வொரு தடவையும் அண்ணர் கன்னம் உப்ப வாயை மூடிக்கொண்டார். இருமலை அடக்குகிறார் என்று நினைத்தோம். விரல் கிளிப்போ ஒட்சிசன் நன்றாக இருக்கிறது என்றே காட்டியது. டொக்டர் அதைத் திரும்பியும் பார்க்கவில்லை.

"ஐசியூவுக்கு மாத்துங்கோ. மாஸ்க் போடவேணும். நாளைக்குக் கண்டிக்கு அனுப்புவம்."

அண்ணர் எழும்பி உட்கார்ந்தார். "ஐயா, கண்டியில கடல் இல்லையே. நாளைக்கு எங்கட முறை."

"கதைக்காதேங்கோ. காத்து வெளிய போகாம உள்ளுக்கை நிக்குது உங்களுக்கு."

"நிண்டா நான் எப்பிடி உங்களோட கதைக்கிறன்?"

உறுதிப்படுத்த இரத்தம் வேண்டும் என்றார் டொக்டர். குத்தாமல் அளக்கிற ஆய்வில் மணிக்கட்டைக் குத்தினார், குறி தப்பியது, திரும்பவும் குத்தினார். இரத்தத்தில் காபனீரொட்சைட்டு சரியாகவே இருந்தது. "இதுவும் பிழை" என்றார்.

அதற்கு மேல் அண்ணரால் அடக்க ஏலவில்லை. வாட்டு முழுக்கக் கேட்கும்படி ஓர் ஏப்பம் விட்டார். அலை மொனிட்டரின் கூரையை முட்டியது. எல்லாரும் மொனிட்டரைப் பார்த்தோம். பிறகு அண்ணரைப் பார்த்தோம். பிறகு அவருடைய மனைவி பாக்கியத்தைப் பார்த்தோம். அவர் கட்டிலுக்குக் கீழே எதையோ காலால் தள்ளிக்கொண்டிருந்தார். அது மறுபக்கத்தால் உருண்டு வந்து டொக்டரின் சப்பாத்தில் முட்டியது. ஜிஞ்சர் பியர் சோடாப் போத்தல். வெறும் போத்தல்.

"வருத்தக்காரரைப் பாக்க ஆக்கள் வெறுங்கையோட வருவினமோ மிஸ்? வாயுவுக்கு நல்லமெண்டு நான்தான் குடுத்தனான். உந்த ஒண்டுதான்."

அவர் சொல்லி முடிக்குமுன் இன்னொன்று உருண்டு வந்தது. பக்கத்துக் கட்டில்காரர் சிரித்த சிரிப்பில் அவருடைய அலையும் கெட்டது.

சோடாவை நுரைக்க வைப்பதே காபனீரொட்சைட்டுதான். வயிற்றிலிருந்து வந்ததை மெசின் மூச்சு என்று எண்ணிவிட்டது. டொக்டர் அண்ணரை வீட்டுக்கு விட்டார். அடுத்த நாள் அண்ணர் கயிற்றில் நின்றார்.

டொக்டர், நீங்கள் அத்தோடு விட்டிருந்தால் நானும் சிரித்துவிட்டு இருந்திருப்பேன். பிறகு ஒரு கூட்டத்தில் அதே அலையைத் திரையில் போட்டு, நிலாவெளிக் கரைவலைத் தொழிலாளியின் நெஞ்சில் மறைந்திருக்கும் நோய் என்று பேசினீர்கள். படம் வட்ஸ்அப்பில் சுற்றிச் சம்மாட்டியிடம் போனது. ஆஸ்பத்திரியில் கிடந்தது அண்ணர்தான் என்று தெரிந்த அவர், அண்ணரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார். நான் நேரில் போய்ச் சொல்லிப் பார்த்தேன்.

"டொக்டர் படம் போட்டுச் சொல்லுறார். நீங்க போத்தல் கதை சொல்லுறீங்க. நாளைக்கு ஆள் கயித்தில விழுந்தா ஆர் பதில் சொல்லுறது?" என்றார் சம்மாட்டி.

இளம் தாதியரே, எண் கூடினால் மெசினைக் கழற்றுமுன் நோயாளி என்ன குடித்தார் என்று கேளுங்கள். நான் கற்றது அவ்வளவுதான்.

டொக்டர், நிலாவெளிக்கு வாருங்கள். வலை இழுக்க எல்லாரும் கூடி நிற்கும்போது, சம்மாட்டிக்கு முன்னால், சத்தமாகப் பதில் சொல்லுங்கள். அது நோயா, ஏப்பமா?