முகத்தை வெளியே நீட்டியவர்

மூணாறில் என்னை ஏற்றிச் சென்ற ஜீப் ஓட்டுநர், மங்கி குல்லா போட்ட நெட்டையான மனிதர். பயணிகளின் சின்னக் கேமராக்களைக் கை நீட்டிப் பிடித்து, அவர்களைப் பார்த்துச் சிரித்தபடியே படமெடுத்துப் பழகியவர். நான் முதன்முதலாக வாங்கியிருந்த டிஎஸ்எல்ஆர் கேமராவை என்னைப் படமெடுக்க அவரிடம் நீட்டி, அதில் கண்ணை ஒட்டிவைத்துத்தான் பார்க்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தேன்.

பார்த்தார். பிறகு கேமராவுக்குப் பின்னாலிருந்து முகத்தை வெளியே நீட்டி, என்னிடம் ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு அமுக்கினார்.

“கண்ண எடுக்காதீங்கண்ணே, படம் கோணிரும்” என்றேன், புதுக் கேமராக்காரனின் அதிகாரத்தோடு.

“மூஞ்சிய மறைச்சுக்கிட்டு சிரிங்கன்னா யாரு சார் சிரிப்பா?”

படத்தில் தேயிலைச் சரிவு சாய்ந்திருந்தது. என் தலை நெற்றியோடு வெட்டுப்பட்டிருந்தது; அதற்குக் கீழே வாய் நிறையச் சிரிப்பு. அதே கேமராவில் பிறகு எத்தனையோ பேர் என்னைப் படமெடுத்தார்கள். எல்லாவற்றிலும் தலை முழுதாக இருக்கிறது. சிரிப்புதான் இல்லை.